கேட்டைப் பூட்டினால் போதுமா?

சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் வணக்கம்.

பெயின்ட், லிஃப்ட், தண்ணீர் லாரி என்று பேசி முடிப்பதற்குள் நம் பொதுக்குழுவில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஃப்ளூ பெருந்தொற்றுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வருடாவருடம் வந்து போகும் காய்ச்சலைச் சொல்லவில்லை. யார் உடம்பும் அறியாத புது வைரஸ் கிளம்பி உலகைச் சுற்றுவதைச் சொல்கிறேன். 1918, 1957, 1968, 2009 என நான்கு முறை வந்தாயிற்று. 1957-இல் அது இந்தியாவுக்குள் நுழைந்ததே நம் மெட்ராஸ் துறைமுகம் வழியாகத்தான், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில். பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல்.

கொரோனாவின்போது நாம் என்ன செய்தோம்? கேட்டைப் பூட்டினோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்களை வரவேண்டாம் என்றோம். பல வீடுகளில் சம்பளமும் நின்றது. வாட்ச்மேன் கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் கொடுத்தோம். ஃப்ளூவோ, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். துப்பாக்கிக்கு அது எப்படித் தெரியும்?

நான் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், யார் கர்ப்பிணி, யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு ஆஸ்துமா, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விருப்பப்பட்டவர்கள் சொன்னால் போதும். அதை வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. ஒவ்வொரு தளத்திலும் இரண்டு வீடுகள் பொறுப்பெடுக்கட்டும். ஒரு வீடு முழுக்கப் படுத்துவிட்டால் வாசலில் கஞ்சியும் மாத்திரையும் வைப்பது யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். அப்புறம், ஸ்ட்ரெச்சர் நம் லிஃப்டில் நுழையுமா என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

வீடுகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு. ஒரு மாதத்துக்குப் பிரஷர், சுகர் மாத்திரை. 2020 ஏப்ரலில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் கோயம்பேட்டில் கூடிய கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் சரக்கு இருந்தால் அந்த நெரிசலில் போய் நிற்க வேண்டாம். தினக்கூலி வீட்டில் சேர்த்துவைக்கப் பணம் ஏது என்று கேட்பீர்கள். சரிதான், அதனால்தான் சங்கம் பொதுவில் கொஞ்சம் வாங்கி வைக்க வேண்டும் என்கிறேன்.

நோயாளிக்கு ஜன்னல் திறந்த தனி அறை, பார்த்துக்கொள்ள ஒரே ஆள், இருவருக்கும் முகக்கவசம். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கஷாயத்தை நம்பி டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. ஃப்ளூ வைரஸுக்கு டாக்டர் எழுதித் தரும் ஒசெல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தெரிந்த முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், பேச்சுக் குழறல், விட்ட காய்ச்சல் கடுமையாகத் திரும்புவது, குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்வது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108. இதை அச்சடித்து லிஃப்டுக்குள் ஒட்டுங்கள். தெலுங்கிலும் இந்தியிலும்கூட.

இனி பொருளாளர்களுக்குப் பிடிக்காத பகுதி. வாட்ச்மேனும் துப்புரவுப் பணியாளரும் வீட்டு வேலைப் பெண்களும் காய்ச்சலோடு வேலைக்கு வருவது சம்பளம் போய்விடும் என்ற பயத்தால்தான். காய்ச்சல் விடுப்புக்குச் சம்பளம் தர ஒரு நிதி ஒதுக்குங்கள். அவர்களுக்குச் செய்யும் தர்மமாக இதை எழுத வேண்டாம்; பராமரிப்புச் செலவிலேயே போடுங்கள்.

சென்னையில் வழக்கமான ஃப்ளூ கூடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். புது வைரஸுக்கான தடுப்பூசி தயாராகப் பல மாதம் ஆகும் என்றாலும், முதியவர்களுக்கு வருடாந்தர ஊசி போட ஒரு முகாம் வைத்தால் அதிலேயே நம் ஏற்பாடுகளையும் ஒத்திகை பார்த்துவிடலாம். கூட்டத்தைச் செப்டம்பருக்குள் வையுங்கள். நோட்டுப் புத்தகத்தை எழுத நான் வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்