உணர்கொம்பு முளைத்த பறவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'வன்னிக்கு வந்த ஹம்மிங் பறவை' என்று கொட்டை எழுத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். யாரோ வாசகர் கைபேசியில் எடுத்த படம், அவரில் பிழையில்லை. ஆனால் அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகள் துலக்கமாகத் தெரிகின்றனவே! கொம்பு முளைத்த பறவையை உங்கள் அலுவலகத்தில் வேறு யாராவது கண்டிருக்கிறார்களா?

அது அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஒருவகை அந்துப்பூச்சி. பொழுதுபடும் நேரம் எங்கள் வளவுப் பட்டிப்பூவுக்கும் வரும். சுருட்டி வைத்திருக்கும் குழலை நீட்டிப் பூவுக்குள் விடும்.

ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களை விட்டால் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அதன் சிறகு தோள்மூட்டிலேயே திரும்பி, கிடையாகக் கிடக்கும் 8 போல வீசும். உடலைத் தாங்கும் விசை முழுவதும் கீழே அடிக்கும்போதே கிடைப்பதில்லை, அதில் கால்பங்கு மேலே எடுக்கும்போது கிடைக்கிறது என்று 2005இல் அளந்து காட்டினார்கள். பின்பக்கமாகவும் பறக்கும்.

எங்களூர்த் தேன்சிட்டுக்கு அவ்வளவு வித்தை வராது. கிணற்றடிச் செம்பரத்தையில் தினமும் பார்க்கிறேன். காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, பூவின் அடியை அலகால் குத்தித் தேனை எடுத்துவிடும். பிடிக்க இடமில்லாவிட்டால் ஓரிரு கணம் சிறகடித்து நிற்கும். அப்புறம் கொப்பைத் தேடும். அதே சிட்டு சிலந்தி நூலால் பின்னி, உடுப்புக் காயப்போடும் கம்பியிலேயே கூடு தொங்கவிடுகிறது. அதைப்பற்றி ஒருநாளாவது எழுதினீர்களா?

எழுதமாட்டீர்கள். வன்னியென்றால் உங்களுக்கு வெள்ளமும் யானையும்தான். இரணைமடு வான்கதவு திறந்த செய்திக்கு வேறேதோ குளத்தின் படம் வந்தது. கேட்டு எழுதினேன், பதிலில்லை. சுண்டிக்குளத்துப் பூநாரைகள் பற்றி நான் அனுப்பிய கட்டுரை உங்கள் மேசையில் இன்னும் பத்திரமாக இருக்குமென்று நம்புகிறேன். ஞாயிறு பத்திரிகை எங்கள் சந்திக் கடைக்குத் திங்கள்தான் வருகிறது. சரி, அதையும் பொறுத்துக்கொண்டோம்.

இப்போது என் பேத்தி அந்தப் படத்தை வெட்டிச் சுற்றாடல் கொப்பியில் ஒட்டிவிட்டாள். நான் சொன்னால், "பேப்பரில போட்டிருக்கு, அம்மப்பா" என்கிறாள். காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான்.

வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், 'அது அந்துப்பூச்சி' என்று ஒரு வரி போடுங்கள். இடமில்லையென்றால் இராசிபலனில் ஒரு இராசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.