பழைய துணி வேண்டாம், வரைபடத்தில் வீடுகளை வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மர் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குப் பழைய துணி சேகரித்து அனுப்பலாம் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் நான் 2004 டிசம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் சுனாமி நிவாரணப் பணியில் இருந்தவன். லாரி லாரியாக வந்த துணி சாலையோரம் குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். கம்பளி ஸ்வெட்டர், பித்தான் இல்லாத சட்டை, ஜரிகை உதிர்ந்த பட்டுப்பாவாடை. ஒரு குவியலின் உச்சியில் கல்யாண கோட்டு ஒன்று. கடலில் உழைத்துச் சாப்பிட்ட சனம் அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? மாடு மிதித்து, மண்ணில் புரண்டு, கடைசியில் அதை அள்ளுவதே தனி வேலையானது.

நான் நில அளவைத் துறைக்காரன். அக்கரைப்பேட்டையில் ஓர் அம்மா வெறும் மணலில் நின்று, "இங்கேதான் சார் வாசல், இங்கே அடுப்படி" என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார். பக்கத்து வீடு எது, அதில் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எல்லைக் கல்லும் இல்லை. என் கையிலிருந்த புலப்படத்தில் அந்த இடம் மொத்தமும் 'புறம்போக்கு' என்ற ஒற்றைச் சொல். வீடுகள் காகிதத்தில் ஏறியதே இல்லை. எங்கே தோண்டுவது, எத்தனை குடும்பத்துக்குக் கொட்டகை போடுவது, எல்லாம் வாய்க்கணக்குதான். முப்பது வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவனுக்கு அதைவிட வெட்கம் வேறில்லை.

அதனால்தான் 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கியபோது, வீட்டில் இருந்தபடியே அந்த ஊர்களுக்கு வரைபடம் போடலாம் என்று என் மகள் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று இணையத்தில் ஓர் உலக வரைபடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பேரிடர் நடந்த பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 'இங்கே வீடுகளை வரையுங்கள், அங்கே பாதைகளை வரையுங்கள்' என்று தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் குழு 'ஹியூமானிட்டேரியன் ஓபன்ஸ்ட்ரீட்மேப் டீம்'. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தை ஒட்டி உருவானது. படிப்புச் சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டார்கள். கம்ப்யூட்டர், மவுஸ், இணையம், பொறுமை இருந்தால் போதும். கைபேசியில் செய்து பார்த்தேன், சரிப்படவில்லை.

2025 மார்ச் 28-ல் 7.7 அளவில் பூமி அதிர்ந்ததும் மியான்மருக்கும் கட்டங்கள் திறந்தார்கள். என் மாமனார் 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். ஐராவதி ஆற்றின் மேலிருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் விழுந்து கிடக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது அவர் இல்லையே என்று இருந்தது. அன்று மாலையே, அந்தப் பாலத்தின் கரையில் இருக்கும் சகாயிங் ஊர்ப் பக்கம் ஒரு கட்டத்தை எடுத்தேன்.

வேலை இப்படித்தான். திரையில் செயற்கைக்கோள் படம். தகரக் கூரையின் நான்கு மூலையையும் தட்டி, ஒரு விசையை அழுத்தினால் மூலைமட்டம் வைத்த மாதிரி நேராகிவிடும். பிறகு அந்தக் கோட்டைக் கூரையிலிருந்து தரைக்கு நகர்த்த வேண்டும், படம் சாய்ந்து எடுக்கப்பட்டிருக்கும் என்பதால். நிழலைச் சுவர் என்று நினைத்து நான் வரைந்தவை நிறைய. வெள்ளை வெளேரென்று வட்டமாக இருந்தவற்றை நீர்த்தொட்டி என்று குறித்து அனுப்பினேன். சரிபார்ப்பவர் யாரோ, எந்த நாட்டவரோ, கட்டத்தைத் திருப்பி அனுப்பி, 'அவை பகோடாக்கள் ஐயா', அதாவது புத்தர் கோயில் கோபுரங்கள், என்று ஆங்கிலத்தில் பணிவாக எழுதியிருந்தார். ஆபீசில் ஒருவரும் என்னை இவ்வளவு மரியாதையாகத் திருத்தியதில்லை.

பல நேரம் நாம் வரைவது நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த படத்தை வைத்து. அதாவது இடிந்ததை அல்ல, நின்ற வீட்டை. முன்பு இருந்தது தெரிந்தால்தான் இப்போது இல்லாதது தெரியும். முற்றத்தில் ஒரு மரம், வேலியோரம் மாட்டுக் கொட்டகை, கொல்லையில் சின்னதாக ஒரு கூரை, அநேகமாகக் கழிப்பறை. இவற்றில் எது இன்னும் நிற்கிறதோ என்று கை ஒரு நொடி தயங்கும். பிறகு அடுத்த கூரை.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கட்டும். என்ன வாங்குவது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் மியான்மரின் மண்டலே நகரத்துக்காரருக்கு நம் ஸ்வெட்டர் எதற்கு?

ஒரு வேண்டுகோள். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து பழகுகிறார்கள். என்னைவிட வேகம், தப்பும் என்னைவிடக் குறைவு. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இதை ஒரு வேலையாகக் கொடுத்தால் என்ன? பேரிடர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம் கடற்கரைக் குப்பங்களிலேயே இந்த வரைபடத்தில் ஒரு வீடுகூட ஏறாதவை உண்டு. அந்தப் பிள்ளைகளை முதலில் அங்கேதான் உட்கார வைத்திருக்கிறேன்.

என்னுடைய சகாயிங் கட்டத்தில் வடமேற்கு மூலை இன்னும் பாக்கி. நேற்று பாதியில் கரண்ட் போய்விட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
திருவாரூர்