வெட்டிய பிறகுதான் வேலையே: நீலகிரிச் சோலைகளின் விளிம்பு குறித்து ஒரு திறந்த மடல்

நீலகிரி வனத்துறை அதிகாரிகளுக்கும், உயிர்க்கோளக் காப்பகத்தின் வெளிப்பகுதி ஊராட்சித் தலைவர்களுக்கும், தேயிலைத் தோட்ட உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மேல்மலையில் சோலைகளிலும் (மலை மடிப்புகளில் உள்ள இயற்கைக் காடுகள்) புல்வெளிகளிலும் பரவிய அந்நிய மரங்களை அகற்றும் பணியை நாங்கள் முழுமனதோடு வரவேற்கிறோம். ஊடுருவும் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு 2022-இல் தனிக் கொள்கை வெளியிட்டது நல்ல செய்தி. எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுதான். வெட்டிய பின் ஐந்தாண்டுக்கு ஆளும் பணமும் ஒதுக்காத எந்தச் சரிவிலும் வாட்டில் எனப்படும் அந்நியச் சீகை மரம் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. சீகை விதையின் ஓடு கடினமானது. பல பத்தாண்டுகள் முளைப்புத்திறன் கெடாமல் புதைந்து கிடக்கும். வெயில் பட்டாலும், மண் கிளறப்பட்டாலும், குறிப்பாகத் தீச்சூடு பட்டாலும் விழித்துக்கொள்ளும். வெட்டிய கிளைகளை அங்கேயே குவித்துக் கொளுத்துவது விதையை முளைக்க நாமே பதப்படுத்திக் கொடுப்பதற்குச் சமம். அடுத்த மழையில் அந்த இடம் முழுக்கக் கன்று நெருங்கி முளைக்கும். முழங்கால் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கினால் ஆணிவேரோடு வந்துவிடும். ஒரு பருவம் தவறினால் அரிவாள் வேண்டும். இன்னும் சில ஆண்டு விட்டால் அதுவே பூத்து விதைக்கும், செலவழித்த பணம் அத்தனையும் வீண். ஆகவே முதலாண்டு மூன்று சுற்று, இரண்டாமாண்டு இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று கைக்களை எடுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எல்லா வாட்டிலும் ஒன்றல்ல என்பதையும் களப்பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளிர்மஞ்சள் பூவும் கரும்பச்சை இறகிலையும் கொண்ட கருப்பு வாட்டிலைத் தரையொட்டி வெட்டி, அடிக்கட்டையின் பட்டையையும் உரித்துவிட்டால் பெரும்பாலும் மடிந்துவிடும். சாம்பல்பூத்த இலையுள்ள வெள்ளி வாட்டில் அப்படியல்ல. ஒரு மரத்தை வெட்டினால் பக்கவேர்களிலிருந்து சுற்றிலும் பல கன்றுகள் கிளம்பும். அரிவாள் வடிவ இலையுள்ள பிளாக்வுட்டும் இதே குணம்தான். இவ்விரண்டும் நிற்கும் இடத்தில் வெறும் வெட்டு நிலைமையை மோசமாக்கும்; நின்ற நிலையிலேயே பட்டை உரித்து, வேர்த்துளிர்களை விடாமல் ஒடித்துவர வேண்டும்.

சோலை விளிம்பில்தான் அதிகக் கவனம் தேவை. பழைய வாட்டில் நிழலில் பல இடங்களில் சோலை மரங்களான காட்டு நாவலும் செண்பகமும் தாமாகவே முளைத்து நிற்கின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனியைத் திறந்த வெளியில் இந்தக் கன்றுகள் தாங்காது, இலை கருகிச் செத்துவிடும். மேலே குடைபிடிக்கும் வாட்டில்தான் இப்போதைக்கு அவற்றுக்குக் காப்பு. அங்கே மொத்தமாக வெட்டாமல், இடுப்பு உயரத்திலிருந்து தரை வரை பட்டையைச் சுற்றிலும் உரித்து விடுங்கள். மழைக்காலத்தில் சாறு ஓடும்போது பட்டை எளிதில் கழன்று வரும். ஒரு நார்கூட ஒட்டியிருக்கக் கூடாது. மெல்லிய பட்டைத்துண்டு போதும், மரம் பிழைத்துக்கொள்ளும். மரம் நின்றபடியே காய்ந்து மெதுவாக ஒளியை விட, கீழுள்ள கன்று பழகிக்கொள்ளும். பாதை, மின்கம்பி, வீடு ஆகியவற்றின் அருகில் மட்டும் இந்த முறை வேண்டாம். காய்ந்த மரம் விழும்.

விளிம்பைச் சட்டென்று திறந்தால் முதலில் வருவது செஸ்ட்ரம் என்ற அந்நியப் புதர். ஆரஞ்சு நிறக் குழல்பூ, பறவைகள் தின்று பரப்பும் பழம். தண்டை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கிழங்கு போன்ற அடிவேரைக் கடப்பாரையால் தோண்டி எடுப்பது தவிர வேறு வழியில்லை. ஈரம் போவதும் சிறிய இழப்பல்ல. சோலையின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈர இலையிலோ சருகிலோ முட்டை, அதற்குள்ளிருந்து நேரே குட்டித்தவளை. இலையடுக்கு சில நாள் உலர்ந்தாலே முட்டைகள் போய்விடும்.

அடுத்தது புல்வெளி. மரமில்லாத சரிவு தரிசு அல்ல. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலிக் குருவியும் வாழும் வீடு அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டிய இடமும் அதுதான். மரக்கன்று இலக்கை எட்டுவதற்காக இங்கே குழி தோண்டாதீர்கள், சோலை மரக்கன்றுக்காகக்கூட வேண்டாம். வாட்டில் அகற்றிய மொட்டைச் சரிவில் நட வேண்டியது புல். அருகிலுள்ள ஆரோக்கியமான புல் தூரில் (புற்கொத்தில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரிக்காமல் எடுத்து, ஜூன் மழை பிடித்ததும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் உறைபனிக்கு முன் வேர் பிடித்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,10,000 தூர்கள் வேண்டும். இத்தனை தூரையும் இயற்கைப் புல்வெளியில் பிடுங்கினால் ஒன்றை அழித்து மற்றதை ஆக்குவதாகிவிடும். அதனால் புல் நாற்றங்கால் முதலில், வெட்டு பிறகு.

வரிசையும் முக்கியம். அடர்ந்த பழைய தோப்பைக் கடைசிக்கு வையுங்கள். நல்ல புல்வெளிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழைந்திருக்கும் இளமரங்களை முதலில் எடுங்கள். அங்கே மண்ணில் விதைக்குவியல் குறைவு, புல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே கூலிக்குப் பல மடங்கு பரப்பு மீளும். கூப்பில் (மரம் வெட்ட ஒதுக்கிய பகுதியில்) எவ்வளவு மரம் கிடைக்கும் என்று பார்த்து இடம் தேர்ந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். சரிவில் கனரக இயந்திரம் இறக்குவதும் அடிமரத்தை இழுத்து வருவதும் மேல்மண்ணைக் கீறி ஓடையில் சேர்க்கும்; தறித்துத் தோளில் எடுக்கச் சொல்லுங்கள்.

சோலை நாற்றங்கால் அவசரத்துக்கு ஒத்துவராது. பல சோலை மரங்களின் விதை உலர்ந்தால் செத்துவிடும். சதையைக் கழுவிய சில நாளில் விதைத்தாக வேண்டும், சேமித்து வைக்க முடியாது. நடும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டாகும். ஆறு மாதத்தில் கன்று கேட்டால் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் அந்நிய மரமான சில்வர் ஓக்தான் வரும். உறைபனியையும் ஓரளவு தீயையும் தாங்கும் காட்டுப்பூவரசை வெளி வரிசையிலும் மற்றவற்றை உள்ளேயும் நடுங்கள்.

தோட்ட உரிமையாளர்களிடம் கேட்பது: ஓடையின் இரு கரையிலும் 20 மீட்டரைத் தேயிலையும் மருந்துத் தெளிப்பும் இல்லாமல் விட்டுவிடுங்கள். ஸ்காட்ச் புரூம் என்ற அந்நியப் புதரை மஞ்சள் பூ அழகுக்காக வேலியோரம் வைத்திருந்தால், காய் வெடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

ஊராட்சித் தலைவர்களிடம் கேட்பது: வெட்டிய வாட்டில் விறகை ஊர் மக்களுக்கே முறையாகப் பங்கிட்டுத் தரக் கேளுங்கள். சோலைக்குள் விறகுக்குப் போவது குறையும். சதுப்புகளைத் தொடும் திட்டம் எதுவானாலும் தோடர்களிடம் முதலில் பேசுங்கள். தங்கள் கோயில் கூரை வேய அவர்கள் தேடும் புல் அந்தச் சதுப்போரங்களில்தான் இருக்கிறது, அதுவும் அரிதாகிவிட்டது.

கடைசியாக ஒப்பந்தம். வெட்டி முடித்ததும் முழுத்தொகை என்ற முறை மாற வேண்டும். வெட்டுக்கு 40 விழுக்காடு. மீதி 60-ஐ ஐந்து ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுதோறும் அடையாளமிட்ட ஒரு சதுர மீட்டர் கட்டங்களில் வாட்டில் கன்றையும் புல் தூரையும் எண்ணிப் பார்த்த பிறகே விடுவியுங்கள். எண்ணிக்கையை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். எண்ணுவதற்கும், களப்பணியாளர்களுக்கு வாட்டில் இனங்களைப் பிரித்துக் காட்டுவதற்கும் நாங்கள் வருகிறோம். ஊதியம் வேண்டாம், தேதியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சோலை, புல்வெளி மீட்புப் பணியில் உள்ளவர்கள்