துப்பாக்கி உறையில் எதைக் குறைக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான மெல்லிய உறைகளைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த உறை எத்தனை கிராம், எது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அட்டவணை போட்டு, எடை குறைந்ததற்கு முதலிடம் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். உழைத்துத்தான் எழுதியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் சுடும் தளத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அட்டவணையில் முதல் கட்டமாக இருந்திருக்க வேண்டியது இல்லவே இல்லை என்பது என் கண்ணில்தான் முதலில் பட்டது. இந்த உறை டிரிகரை மூடுகிறதா, இல்லையா?

உரிமம், எங்கெல்லாம் கொண்டு போகலாம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை அவரவர் சட்டத்தில் பார்த்துக்கொள்ளட்டும். நான் உறையை மட்டும் பேசுகிறேன்.

இப்போது வரும் சிறிய பிஸ்டல்கள் பலவற்றில் கட்டைவிரலால் போட்டு எடுக்கும் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, கிடையாது. 2014-ல் வந்த கிளாக் 42-லும் அடுத்த ஆண்டு வந்த கிளாக் 43-லும் டிரிகரின் முகப்பிலேயே ஒரு சிறு நாக்கு இருக்கும். அதுவும் டிரிகரும் சேர்ந்து அமுங்கினால் சுடும். அமுக்குவது விரலா, சட்டையின் ஓரமா, ஜாக்கெட்டில் தொங்கும் நாடாவின் முடிச்சா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. 2018-ல் வந்த சிக் சாயர் பி365-ஐ சேஃப்டியோடும் வாங்கலாம், இல்லாமலும் வாங்கலாம். அது இல்லாததை வாங்கினால், வெளியிலிருந்து டிரிகரைக் காக்கிற ஒரே பொருள் உறைதான். அப்படிப்பட்ட பொருளை எடையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் எப்படி?

மூடினால் மட்டும் போதாது, கெட்டியாக மூட வேண்டும். டிரிகர் வளையத்தின் இரண்டு பக்கமும் உறைக்குள் போன பிறகு, வெளியிலிருந்து விரலால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே டிரிகர் அசையக் கூடாது. மெல்லிய துணிப் பை இந்தச் சோதனையில் நிற்காது. பழகித் தளர்ந்த தோல் உறையும் நிற்காது. தோல் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. நல்ல தோல் உறை பல வருடம் உழைக்கும். ஆனால் வாய்ப்பகுதி தொய்ந்துபோன தோல் உறைக்குள் துப்பாக்கியை வைக்கும்போது, அந்தத் தொய்வு மடிந்து டிரிகர் வளையத்துக்குள் நுழையும். அப்புறமும் கீழே தள்ளினால், தள்ளுகிற கையே டிரிகரை இழுத்த மாதிரி ஆகிவிடும். இப்படி வெடித்த விபத்துகள் உண்டு. வாய் தொய்ந்த உறையை வெட்டி எறிந்துவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

‘மினிமலிஸ்ட்’, அதாவது முடிந்த மட்டும் குறைத்தது, என்று விற்பவை எல்லாம் ஒரே ரகமும் அல்ல. கட்டுரையில் முதலிடம் பெற்றது, துப்பாக்கியின் பக்கவாட்டிலேயே திருகிவிடும் எஃகுக் கிளிப். பேனாவைச் சட்டைப் பையில் செருகுவது போல இடுப்பில் செருகிக்கொள்ளலாம். எடையில் அதை வெல்ல எதுவும் இல்லைதான். ஆனால் அது உறையே அல்ல. டிரிகர் திறந்தே கிடக்கிறது. டிரிகர் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருந்தால் பரவாயில்லை என்று சிலர் வாதிடுவார்கள். பயிற்சித் தளத்தில் என்னிடமும் வாதிட்டிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை. அந்தக் கிளிப்தான் வேண்டும் என்றால் டிரிகருக்குத் தனி மூடியையும் சேர்த்து வாங்கட்டும். குழல் வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குச்சி நுழைந்து துப்பாக்கியைத் தாங்கும் ரகம் இன்னொன்று. அதிலும் டிரிகர் மூடி உண்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

குறைத்தவற்றுள் அறிவோடு குறைத்தது என்றால், டிரிகர் வளையத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் ஓட்டைச் சொல்வேன். ரேவன் கன்சீல்மென்ட் நிறுவனத்தின் வேன்கார்டு இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் துண்டு, அதிலிருந்து பெல்ட்டுக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான். துப்பாக்கியை உருவும்போது கயிறு இழுபட்டு ஓடு கழன்றுவிடும். மற்ற எல்லாம் போனாலும் டிரிகர் மட்டும் முழுசாக மூடியிருக்கிறது. திரும்ப வைப்பதுதான் தொல்லை. ஓட்டைக் கையில் எடுத்து, குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, ‘டக்’ என்று மாட்டி, அப்புறம்தான் இடுப்புக்குள் செருக வேண்டும். கட்டுரையாளர் இதை ஒரு குறையாக எழுதியிருந்தார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. டிரிகர் மூடப்பட்ட பிறகுதானே துப்பாக்கி உடம்புக்குள் போகிறது! எடுப்பதற்குத்தான் அவசரம் வரலாம், வைப்பதற்கு என்ன அவசரம்? முன்வயிற்றுப் பக்கம் வைத்துக்கொள்பவர்கள் இதை இன்னும் யோசிக்க வேண்டும். அங்கே குழல் பார்ப்பது தொடையின் பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடத்தை.

சரி, மறைப்பு விஷயத்துக்கு வருகிறேன். மெலிந்த உறை என்றால் நன்றாக மறையும் என்பது கட்டுரை முழுக்க ஓடும் நம்பிக்கை. பாதிதான் உண்மை. ஆடைக்குள் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, கைப்பிடி. குழல் பெல்ட்டுக்குக் கீழே, கால்சட்டைக்குள் உடலோடு உடலாகப் படுத்துவிடும். கைப்பிடியோ பெல்ட்டுக்கு மேலே குறுக்காக நிற்கிறது. குனிந்தால் சட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது அதுதான். குண்டுகள் நிரம்பிய மேகசின் இருப்பதும் கைப்பிடிக்குள்தான். பி365 அவ்வளவு சிறியது, ஆனாலும் பத்துக் குண்டுகளின் எடை மேலே உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டுக்குக் கீழே பிடிமானம் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு சுலபமாக மேல்பகுதி வெளியே சாயும். உறையைக் குட்டையாக்கிக்கொண்டே போனால் நாம் வெட்டி எறிவது எதை? கைப்பிடியை உடலோடு சேர்த்து வைத்திருந்த நெம்புகோலையே.

அதனால்தான் துப்பாக்கி சிறியதாக இருந்தாலும் உறையை ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை நீளமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வெற்றாகக் கீழே நீளும் அந்தத் துண்டு உடலோடு அழுந்தி, மேல்பக்கத்தை உள்ளே சாய்க்கிறது. உறையின் ஓரத்தில் கொக்கி போல நீட்டியிருக்கும் ஒரு சின்ன இறக்கையும் அதே வேலையைச் செய்யும். பெல்ட்டின் உட்புறத்தில் அது முட்டிக்கொண்டு கைப்பிடியை வயிற்றுப் பக்கம் திருப்பிவிடும். சில கிராம்தான் கூடுகிறது. நானோ ஒல்லி உடம்பு. இந்த இறக்கை இல்லாத உறையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டால் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, “இடப்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, பாருங்க” என்பாள். அட்டவணை எதையும் பார்க்காமலே அவள் சொல்வது சரியாக இருக்கும்.

கிளிப்பைப் பற்றிக் கட்டுரையில் அரை வரிதான் இருந்தது. ஒற்றைக் கிளிப் உறைகளில் நடக்கும் கோளாறில் பாதி அங்கேதான். துப்பாக்கியை உருவினால் உறையும் கூடவே வந்துவிடும். டிரிகர் மூடியபடியே கையில் நிற்கும். கிளிப்பின் அடிக்கொக்கி பெல்ட்டின் கீழ் விளிம்பைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றரை அங்குல பெல்ட்டுக்கான கிளிப்பை அதைவிடக் குறுகலான பெல்ட்டில் மாட்டினால் இப்படித்தான் ஆகும். பெல்ட்டே இல்லாமல் கால்சட்டை விளிம்பில் மட்டும் மாட்டினாலும் இதே கதைதான். பெல்ட் விறைப்பாக இருக்கட்டும். உறைக்குத் தேடியலையும் அக்கறையில் பாதியைப் பெல்ட்டுக்குக் கொடுத்தால், சுமாரான உறைகூட ஒழுங்காக நிற்கும். கிளிப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ரொம்ப ஆழமாக இறங்கிவிட்டால் துப்பாக்கி நன்றாக மறையும், ஆனால் உருவும் முன்னே கைப்பிடியை முழுசாகப் பற்ற முடியாது. இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, வெளியே வந்த பிறகு பிடியை மாற்றும் பழக்கம் வந்துவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

நான் அணிவது, ஒற்றைக் கிளிப்பும் ஒரு சிறு இறக்கையும் உள்ள மெல்லிய கைடெக்ஸ் உறை. கைடெக்ஸ் என்பது சூடாக்கினால் இளகி, ஆறினால் கெட்டியாகும் பிளாஸ்டிக் தகடு. ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965-ல் விமானங்களின் உட்புறத்துக்காகக் கொண்டு வந்தது அது. அந்தந்தத் துப்பாக்கியின் வடிவத்துக்கே வார்ப்பதால் டிரிகர் வளையத்தைச் சரியாகக் கவ்வும், வாயும் தொய்யாது. ஒரு கையாலேயே திரும்ப வைக்கலாம். ஆனால் துப்பாக்கியின் அடியில் குறிபார்க்கும் லேசர் மாட்டினால் உறையையும் லேசருக்கென்று வார்த்ததாக மாற்ற வேண்டும். லேசருக்கு இடம் விட்டு வார்த்ததில் டிரிகர் பக்கம் சந்து அகலமாகலாம். அந்தச் சந்து வழியே விரல் நுனி டிரிகரைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

மெலிந்த உறைகளில் முதலில் வெட்டுப்படுவது உடலுக்கும், துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்பின் ஓடும் ஸ்லைடுக்கும் நடுவில் நிற்கும் தகடு. அதில்லாவிட்டால் வியர்வை நேரே இரும்பில் இறங்கும். அடிக்கடி துடைத்து லேசாக எண்ணெய் போட்டால் சமாளிக்கலாம். இது சோம்பேறிகளுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

கால்சட்டைப் பைக்குள் வைப்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 2008-ல் வந்த ருகர் எல்சிபி வெறுமையாக ஏறத்தாழ 270 கிராம்தான். அந்த அளவுத் துப்பாக்கிக்குப் பை ஒரு நல்ல இடம், உறையோடு வைத்தால். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கூடவே இருக்கக் கூடாது. உறையின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் உருவும்போது அது பைக்குள்ளேயே தங்கும். திரும்ப வைக்கும்போது உறையை வெளியே எடுத்து, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் விட வேண்டும்.

வாங்கியதும் உடனே அணிந்துவிடாமல், வீட்டில் சோதித்துப் பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்த பிறகுதான் எதுவும். வெற்றுத் துப்பாக்கியை உறையில் வைத்து, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழக் கூடாது. டிரிகர் பக்கத்தை வெளியிலிருந்து அழுத்துங்கள். ‘க்ளிக்’ கேட்கக் கூடாது. அப்புறம் அப்படியே இடுப்பில் மாட்டிக்கொண்டு குனிந்து, உட்கார்ந்து, படி ஏறிப் பாருங்கள். சரியில்லாத உறை கொஞ்ச நேரத்திலேயே இடம் மாறிவிடும். அரை மணி உட்கார்ந்தால் விலாவில் குத்துகிற உறையை, எத்தனை பத்திரமானதாக இருந்தாலும், யாரும் தொடர்ந்து அணிய மாட்டார்கள். அலமாரிக்குத்தான் போகும். அந்த அளவில் மெலிந்த உறைகளுக்கு நானும் கட்சிதான்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படங்கள் எல்லாம் உறையின் வெளிப்பக்கத்தை மட்டுமே காட்டின. அடுத்த முறை துப்பாக்கியை எடுத்த பின் உறையின் வாய் எப்படி நிற்கிறது என்று மேலிருந்து ஒரு படமும், துப்பாக்கி உள்ளே இருக்கும்போது டிரிகர் பக்கம் ஒரு படமும் போட்டால் உதவியாக இருக்கும். அட்டவணையில் இடக்கைக்காரர்களுக்கும் கிடைக்குமா என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். வேன்கார்டு போன்ற ஓடுகளை எந்தக் கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு என்னைப் போன்றவர்கள் கடையில் கேட்டுக்கேட்டு, “ஆர்டர் கொடுத்தால் வரும் சார்” என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துப்பாக்கிச் சுடும் பயிற்றுநர் ஒருவர்