மால்பே தீவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

உடுப்பிக்குக் கல்விச் சுற்றுலா வரும் பள்ளிகள் கிருஷ்ணர் கோயிலைத் தரிசித்த கையோடு, மால்பேயில் படகேறிப் புனித மேரித் தீவுகளையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. 1498-இல் வாஸ்கோ ட காமா அங்கே இறங்கினார் என்ற கதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படுகிறது. கதை இருக்கட்டும், அவர்கள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் பாறையைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அது எரிமலைப் பாறை. எரிமலைப் பாறை என்றதும் தக்காணப் பீடபூமியின் பசால்ட் என்னும் கரும்பாறை நினைவுக்கு வருவது இயல்பு. பாடநூலில் நாம் படித்தது அதுதான். ஆனால் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தப் பசால்ட்டின் வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். மேரித் தீவுப் பாறைகளோ அதற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. சிலிக்கா (மணலில் மிகுந்திருக்கும் பொருள்) மிகுந்த ரையோலைட், டேசைட் என்னும் எரிமலைப் பாறை வகைகளைச் சேர்ந்தவை. அவற்றைத் தக்காணத்தின் தெற்கு நுனி என்று சொல்லிக் கடந்துவிட்டால், அத்தீவின் சிறப்பே மாணவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிளவுபட்ட காலத்து எரிமலைச் செயல்பாட்டோடு நிலவியலாளர்கள் இப்பாறைகளை இணைக்கிறார்கள். மடகாஸ்கரிலும் ஏறக்குறைய அதே வயதுடைய எரிமலைப் பாறைகள் பரந்து கிடக்கின்றன. நமது மேற்குக் கரை பிறந்த கதைக்கு நேரில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று இது என்பதை, கடலைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளைகளிடம் அங்கேயே சொல்லுங்கள்.

அத்தீவில் பாறைகள் பல பக்கங்கள் கொண்ட தூண்களாக நிற்பதைப் பார்த்து, இவற்றைச் செதுக்கியது யார் என்று ஒரு மாணவராவது கேட்பார். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது சுருங்குகிறது. வற்றிய ஏரியின் வண்டல் வெடிப்பதுபோல மேற்பரப்பில் தோன்றும் வெடிப்புகள், குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கத் தாமும் கீழிறங்கிப் பாறையைத் தூண் தூணாகப் பிரித்துவிடுகின்றன. தூண்களின் தலைப்பகுதியில் பக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். எல்லாம் அறுகோணமாக இருக்காது. ஐந்து பக்கமும் ஏழு பக்கமும் கலந்தே வரும். பாடநூல் படத்தைவிட அந்த ஒழுங்கின்மைதான் அவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்.

இது இந்திய நிலவியல் ஆய்வகம் அறிவித்த தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். ஆகவே பள்ளி ஆய்வகத்துக்கென்றுகூட ஒரு துண்டும் உடைத்து எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் படகு ஓடாது என்பதால், பயணத்தை அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிலவியல் ஆர்வலர் ஒருவர்