பதிவேட்டை எப்போது எழுதுகிறீர்கள்?

காப்பகமும் மழலையர் வகுப்பும் நடத்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

உரிமம் புதுப்பிக்கும் காலம் நெருங்கினால் எங்களிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: "என்னென்ன பதிவேடு வேண்டும்?" அந்தப் பட்டியல் உங்கள் உரிம விதிகளிலேயே இருக்கிறது. ஆய்வில் மாட்டிவிடுவது வேறொன்று. பதிவேடு இருக்கும், பக்கங்களும் நிரம்பியிருக்கும். ஆனால் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும்.

தூங்கும் அறையின் கண்காணிப்புத் தாளை எடுத்துப் பாருங்கள். 1.00, 1.10, 1.20, 1.30 என்று பிசகாத இடைவெளி. ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. நிஜமாகவே சுற்றிவந்து பார்த்தவர் எழுதியிருந்தால் 1.02, 1.11, 1.19 என்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அனுபவமுள்ள ஆய்வாளர் அதோடு விடமாட்டார். டயப்பர் மாற்றும் தாளையும் பக்கத்தில் வைப்பார். அதில் 1.20க்கு அதே பணியாளர் வேறோர் அறையில் இருப்பார். ஒரு தாள் பொய் என்று ஆனபின் மற்ற தாள்களை அவர் ஏன் நம்ப வேண்டும்?

தாளைத் தூங்கும் அறைக்குள்ளேயே கடிகாரத்துக்குக் கீழே மாட்டிவிடுங்கள், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அலுவலக மேசையில் கிடக்கும் தாள் சாயங்காலம்தான் நிரம்பும். கதவு வழியாக எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. கட்டிலருகே போய், மார்பு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் எப்படி இருக்கிறது, முகத்தில் துணி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைக்குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும்; தலையணை, பொம்மை, கட்டிலோர மெத்தைத் தடுப்பு எதுவும் கூடாது. இருபுறமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை குப்புறத் திரும்பிக்கொண்டால் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கார் இருக்கையில் தூங்கியபடி வந்து சேரும் குழந்தையை அதிலேயே விடக்கூடாது. தலை முன்னால் தொங்கினால் மூச்சுப்பாதை அடைபடும். கட்டிலுக்கு மாற்றி, மாற்றிய நேரத்தையும் எழுதுங்கள்.

பணியாளர் விகிதம் காலை பத்து மணிக்கு எந்தக் காப்பகத்திலும் சரியாகத்தான் இருக்கும். உடைவது சாப்பாட்டு இடைவேளையில், திறந்த முதல் அரைமணியில், மூடுவதற்கு முந்தைய அரைமணியில். உங்கள் உரிமத்தில் கைக்குழந்தைகளுக்கு 4 பேருக்கு ஒருவர் என்றிருந்து, அறையில் 11 குழந்தைகள் இருந்தால் 3 பணியாளர்கள் வேண்டும். ஒருவர் சாப்பிடப் போனதும் மிஞ்சும் இருவர் 8 குழந்தைகளுக்கே போதும். 3 குழந்தைகள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே பணிநேர அட்டவணையில் மாற்றாள் பெயரும், அவர் அறைக்குள் வந்த நேரமும் போன நேரமும் இருக்க வேண்டும். சமையலறையில் இருப்பவரையும் அலுவலகத்தில் இருப்பவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தலை எண்ணுவதில் ஒரு நுட்பம் உண்டு. முற்றத்திலிருந்து உள்ளே வரும்போது "பதினான்கு, சரி" என்று எண்ணி முடிப்பார்கள். பக்கத்து அறைக் குழந்தை ஒன்று வரிசையில் கலந்து, நம் குழந்தை ஒன்று சறுக்குமரத்துக்குப் பின்னால் நின்றாலும் எண்ணிக்கை பதினான்குதான். பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். வண்டியில் அழைத்துப் போனால், இறக்கிய பின் ஒருவர் கடைசி இருக்கைவரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் அல்லாத இன்னொருவர் கையெழுத்திட வேண்டும்.

மருந்துப் பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெற்றோர் "தேவைப்பட்டால் கொடுக்கவும், ஒரு ஸ்பூன்" என்று எழுதித் தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். பாராசிட்டமால் சிரப்பே 5 மி.லி.யில் 120 மி.கி., 250 மி.கி. என்று வெவ்வேறு அடர்த்தியில் வருகிறது. அதே 5 மி.லி. ஊற்றினாலும் அளவு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். எனவே மி.லி.யோடு, புட்டியில் அச்சான அடர்த்தியையும் எழுத வேண்டும். வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரமும் அதே அளவுக்கு முக்கியம். காலை 7 மணிக்கு வீட்டில் கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால், காப்பகத்தில் 9.30க்குக் கொடுப்பது இரு வேளைக்கு நடுவே விட வேண்டிய நான்கு மணிநேர இடைவெளிக்குள் விழும். மருந்து அதன் சொந்தப் புட்டியில், குழந்தையின் பெயர் ஒட்டி, காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஒருவர் கொடுக்க, இன்னொருவர் பெயர், மருந்து, அளவு மூன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து, இருவரும் அங்கேயே கையெழுத்திட வேண்டும். கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக்கூடாது, பூட்டியும் வைக்கக்கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பணியாளர் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

விபத்துக் குறிப்பில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். "ஓடி விளையாடும்போது விழுந்துவிட்டான்" என்பது ஊகமாகக்கூட இருக்கலாம். "10.40க்கு அழுகை கேட்டது, படிக்கட்டின் கீழ்ப்படியருகே உட்கார்ந்திருந்தான், வலது புருவத்துக்கு மேல் வீக்கம், விழுந்ததை யாரும் பார்க்கவில்லை" என்பது பதிவு. கடைசி வரி சங்கடமாக இருக்கும், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பெற்றோருக்கு யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதும் சேரட்டும். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவைப் பார்த்ததும் அதன் அடியில் என்ன இருந்தது என்ற கேள்விதான் முதலில் எழும்.

சமையலறைக்கு மூன்றே எண்கள். புட்டிப்பால் பொடியைக் குறைந்தது 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கலக்கி, குழந்தைக்கு ஏற்ற சூட்டுக்கு ஆற்றித் தர வேண்டும். கலக்கி 2 மணிநேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். குளிர்ப்பெட்டிக்குள் 5 டிகிரியைத் தாண்டக்கூடாது. அதற்குள் ஒரு வெப்பமானி வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்த்து எழுதுங்கள்.

அவசரகாலப் பயிற்சி எல்லா இடத்திலும் சௌகரியமான பதினொரு மணிக்கே நடக்கிறது. ஒருமுறையாவது தூங்கும் நேரத்தில் நடத்திப் பாருங்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனால் வாசல் கதவில் இடிக்கிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். மணி அடித்ததிலிருந்து வெளியே கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்த நேரம்வரை எத்தனை நிமிடம், எது தடுக்கியது, அதை எப்போது சரிசெய்தீர்கள் என்று மூன்று வரி போதும்.

பணியாளர் கோப்புகளில் குறை பெரும்பாலும் தேதியில்தான்: முதலுதவிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு. எல்லாருடைய காலாவதித் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, இரண்டு மாதம் முன்பே வட்டமிடுங்கள்.

எங்கள் மருந்துப் பதிவேட்டின் புதிய அச்சில் அடர்த்திக்கும், வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரத்துக்கும் தனிக் கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். பழைய புத்தகம் மீதமிருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். வலது ஓரத்தில் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டுக்கொண்டால் வேலை நடக்கும்.

இப்படிக்கு,
பதிவேட்டுப் பிரிவினர்