ஆபீஸ் விலாசத்துக்கு

தண்டையார்பேட்டை
தை 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். நீ பொங்கலுக்கு வரல, அதைப் பத்தி ஒண்ணும் எழுதக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டா. அதனால எழுதல. முறுக்கு இதே பார்சல்ல இருக்கு.

வீட்டு விலாசத்தை விட்டுட்டு ஆபீஸுக்கு எதுக்கு அனுப்பறாருன்னு பார்ப்ப. போன்ல நீ எப்பவும் ஸ்பீக்கர் போட்டுப் பேசற. பக்கத்துல மாப்பிள்ளை இருக்கார். நானும் சாப்டியா, தூங்கினியான்னு கேட்டுட்டு வெச்சிடறேன்.

அந்தமான் பிளான் பார்த்தேன். பிப்ரவரி நல்ல மாசம்தான். கடல் அடங்கியிருக்கும், தண்ணி தெளிவா இருக்கும். மாப்பிள்ளை படகு டிக்கெட்லேர்ந்து ஹோட்டல் வரைக்கும் நேரம் போட்டு எழுதியிருக்கார், கெட்டிக்காரர். ஆனா ஹேவ்லாக் தீவுல "ஸ்கூபா, 2 பேர்"னு ஒரே ஒரு வரி, சிலிண்டர் மாட்டிக்கிட்டு கடலுக்குள்ள முக்குளிக்கிறதுக்கு. எந்த ஆளுங்ககிட்ட, எத்தனை டைவ், எதுவும் இல்ல. ஹார்பர்ல முக்குளிக்கிறவங்களுக்கு 30 வருஷம் சிலிண்டர்ல காத்து அடைச்சவன் வீட்டுப் பொண்ணு நீ. ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கிற பையன் கை காட்டற கடைக்குப் போகக் கூடாது. அவனுக்கு அதுல கமிஷன்.

முதல்ல பார்க்க வேண்டியது படகு இல்ல, அவங்க போட்டிருக்கிற மீன் படமும் இல்ல. ஒரு தாள். உடம்பைப் பத்தி 10 கேள்வி இருக்கும். முதல் கேள்வியே நுரையீரல், மூச்சு, இருதயம் பத்தித்தான். 3-ஆவது, 1.6 கிலோமீட்டரை 14 நிமிஷத்துல நடக்க முடியுதா, 200 மீட்டர் நிக்காம நீந்த முடியுதான்னு கேட்கும். 10-ஆவது, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து எதுனா எடுத்துக்கறியான்னு. மாத்திரை மட்டும் மருந்து இல்ல பாப்பா, உறிஞ்சறதும் மருந்துதான். அதுக்கு ஆமான்னு போட்டா டாக்டர் கையெழுத்து இல்லாம தண்ணியில இறக்கக் கூடாது.

நல்ல ஆளுங்க இந்தத் தாளை நீ பணம் கட்டறப்பவே அனுப்பிடுவாங்க, ஊர்ல இருக்கிற டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கட்டும்னு. மத்தவங்க கரையில வெச்சு, அந்த ரப்பர் டிரெஸ்ஸைப் பாதி மாட்டிக்கிட்டு நிக்கறப்போ, ஈரக் கையில பேனாவைக் கொடுத்து, "எல்லாத்துக்கும் நோ போடுங்க மேடம், சும்மா ஃபார்மாலிட்டி"ன்னுவாங்க. அந்த வார்த்தை காதுல விழுந்தா டிரெஸ்ஸைக் கழட்டி வெச்சுட்டு வந்துடு.

புக் பண்றதுக்கு முன்னாடி போன் போடு. உன் பேர் சொல்ல வேணாம். "கூட வர்ற ஒருத்தருக்குச் சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சு, கூட்டிட்டுப் போவீங்களா?"ன்னு மட்டும் கேளு. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வாங்க"ன்னா அந்தக் கடை பேரை அடிச்சுடு. "டாக்டர் கடிதம் இல்லாம முடியாது"ன்னா அடுத்த கேள்வி: கடைசி நேரத்துல உடம்பு சரியில்லன்னா முன்பணம் திரும்ப வருமா? இது ரொம்ப முக்கியம். சளி பிடிச்சவன், காது வலிக்கிறவன், பயந்து போனவன் எல்லாம் தண்ணியில இறங்கறது கட்டின காசு போகுதேன்னுதான்.

அப்புறம் காத்து. இதை நான் சொல்லாம வேற யார் சொல்லப் போறா. சிலிண்டர்ல காத்து அடைக்கிற மெஷின், அந்தக் கம்ப்ரசரைக் காட்டச் சொல்லு, மறைக்கிறாங்களான்னு பாரு. அது காத்து உறிஞ்சற குழாய் வாய் எங்க இருக்குன்னு கவனி. பக்கத்துல டீசல் ஜெனரேட்டர் ஓடினா, படகு எஞ்சின் புகை அந்தப் பக்கம் வந்தா, அந்தப் புகையும் சிலிண்டருக்குள்ள போகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மேல நிக்கறப்போ தலை லேசா வலிக்க வைக்கிற அளவு, 10 மீட்டர் ஆழத்துல ரெண்டு பங்கு வேலை செய்யும், ஏன்னா அங்க அழுத்தம் ரெண்டு மடங்கு. எண்ணெய் வாசனை வந்தா ஃபில்டர் தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். சிலிண்டர் வால்வை ஒரு நொடி திறந்து வெள்ளைக் கைக்குட்டையில அடிக்கச் சொல்லு. கறையோ ஈரமோ படக் கூடாது, மோந்தா ஒண்ணும் தெரியக் கூடாது. சிலிண்டர் கழுத்துல மாசமும் வருஷமும் குத்தியிருக்கும், அது பிரஷர் டெஸ்ட் பண்ண தேதி. 5 வருஷத்தைத் தாண்டியிருந்தா வேற சிலிண்டர் கேளு. பெயிண்ட் அடிச்சு அந்த எழுத்தையே மூடியிருந்தா அந்த இடத்துல நிக்காதே.

மாட்டிக்கிட்டதும், தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி, மூச்சு இழுக்கற ரெகுலேட்டரை வாயில வெச்சு, சிலிண்டர் அழுத்தம் காட்டற கேஜைப் பார்த்துக்கிட்டே 4 மூச்சு இழு. 200 பார் காட்டணும், பார்ங்கறது அழுத்தத்தோட அளவு. முள் அசையாம நிக்கணும். நீ இழுக்கறப்போ முள் கீழ விழுந்து, விட்டதும் மேல ஏறுதுன்னா வால்வு முழுசா திறக்கல. மேல நல்லாத்தான் வரும், ஆழத்துல போனதும் மூச்சு வராது. திறந்துட்டேன்னு நினைச்சு மூடி வெச்சு, கொஞ்சமா திருப்பி விட்டிருப்பாங்க, எத்தனையோ தடவை நடக்கிற தப்பு. கழுத்துக்குப் பின்னாடி "உஸ்"னு சத்தம் வந்தா ஓ-ரிங் போயிருக்கு. சின்ன ரப்பர் வளையம்தான், மாத்தச் சொல்லு, வெட்கப்படாதே.

அந்த 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்ல 200 பார்னா சுமார் 2,200 லிட்டர் காத்து. 50 பார் மிச்சம் வெச்சு மேல வரணும். அமைதியா மூச்சு விடறவங்க மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பாங்க, 10 மீட்டர்ல அது 40. அப்போ 40 நிமிஷம் வரும். பதட்டப்பட்டா அதுல பாதிகூட வராது. மூச்சு முட்டறவங்களுக்கு என்ன ஆகும்னு நான் கணக்குப் போடல.

இன்னொண்ணு, அந்தக் காத்து காய்ஞ்ச காத்து. ஈரம் இருந்தா சிலிண்டர் உள்ள அரிக்கும், வால்வு கெடும்னு நாங்களே உறிஞ்சி எடுத்துடுவோம். வேணும்னுதான் அப்படிச் செய்யறது. தொண்டை வறண்டு போகும். போகிப் புகையில உனக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். காய்ஞ்ச காத்தும் உப்புத்தண்ணியும் அதே வேலையைச் செய்யும்.

ஆளைப் பத்தி. கத்துக்காம சும்மா ஒரு தடவை இறங்கறவங்களை 12 மீட்டருக்குக் கீழ கொண்டு போகக் கூடாது. "உங்களுக்காக 18 காட்டறேன்"னா அது பெருமை இல்ல, விதி மீறல். 18 மீட்டர், முறையா 4 கடல் டைவ் போட்டுக் கத்துக்கிட்டு கார்டு வாங்கினவங்களுக்கு. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு 4 பேர் வரைக்கும் விதி விடுது, நான் விட மாட்டேன். உனக்கு ஒருத்தர், மாப்பிள்ளைக்கு ஒருத்தர். இன்ஸ்ட்ரக்டரோட கார்டு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்துல போட்டுப் பாரு, கார்டு இன்னும் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிடும். "வீடியோ இலவசம்"னு போர்டு இருந்தா, எடுக்கப் போறது யாருன்னு கேளு. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவரே இன்னொரு கையில கேமரா வெச்சிருந்தா, அவர் கண்ணு உன் மேல இல்ல.

முதல்ல இடுப்பளவு தண்ணியில 3 பாடம் சொல்லிக் கொடுக்கணும்: வாயிலேர்ந்து ரெகுலேட்டர் நழுவினா திரும்ப எடுக்கறது, கண்ணாடிக்குள்ள வந்த தண்ணியை மூக்கால ஊதி வெளியேத்தறது, காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதறது. காது வலி வர்றதுக்கு முன்னாடியே ஊதணும், வந்த பிறகு ஊதினா திறக்காது. இதையெல்லாம் 10 நிமிஷத்துல முடிக்கிற ஆள் அவசரத்துல இருக்கான், அடுத்த குரூப் கரையில நிக்குது.

படகுல ஆக்சிஜன் பெட்டி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுவாங்க. திறந்து காட்டச் சொல்லு. சிலிண்டர் கேஜ் நிறைஞ்சிருக்கணும், முகமூடி இருக்கணும், திறக்கிற சாவி அதுலயே கட்டியிருக்கணும். ஏதாவது ஆனா, உள்ள வெச்சு அழுத்தம் ஏத்தி வைத்தியம் பார்க்கிற அழுத்த அறை இருக்கிறது போர்ட் பிளேர்ல, கடற்படை ஆஸ்பத்திரியில. ஊருக்கு 2024-ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. ஹேவ்லாக்லேர்ந்து வேகப் படகே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல எடுக்கும், அதுவும் படகு கிடைச்சா. அது வரைக்கும் அந்தப் பெட்டிதான். ஏறினப்பவும் கிளம்பறப்பவும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வாங்கி, எழுதிக்கிறாங்களான்னு பாரு. 1998-ல ஆஸ்திரேலியாவுல பவளத்திட்டுக்குப் போன படகு தலையைத் தப்பா எண்ணி, 2 பேரைக் கடல்லயே விட்டுட்டுக் கரைக்கு வந்துடுச்சு. அவங்க கிடைக்கவே இல்ல.

மறுநாள் காலை 7 மணி விமானம்னு பிளான்ல இருக்கு. டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல இடைவெளி விடணும்; மதியம் 3 மணிக்கு ஒரே டைவ்னா 16 மணி நேரம் கிடைக்கும், 12 போதும். அங்க போய் "இன்னொண்ணு போடலாம்"னு மாப்பிள்ளை ஆசைப்பட்டா 18 வேணும். அதனால டைவ் வெச்சிருக்கிற நாளை முன்னாடி தள்ளச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லலாம், இதுல ஒண்ணும் இல்ல.

திரும்பவும் மூச்சுக்கே வர்றேன். 10 மீட்டர்ல நீ நெஞ்சு நிறைய இழுத்த காத்து, மேல வர்றப்போ ரெண்டு மடங்கா விரியும். மூச்சை விட்டுக்கிட்டே வந்தா வெளிய போயிடும். அதனாலதான் மூச்சை அடக்காதேன்னு முதல் பாடம். ஆனா மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறவங்க அடக்கவே வேணாம், காத்து உள்ள தானா மாட்டிக்கும். வழி இல்லாம நுரையீரலைக் கிழிச்சுக்கிட்டு ரத்தத்துல கலந்து மூளைக்குப் போகும். இதுக்கு ஒன்றரை மீட்டர் ஆழமே போதும். "ரொம்ப ஆழம் போகலப்பா"ன்னு சொல்லாதே. தலையில கூண்டு மாட்டி கடல் தரையில நடக்க விடறாங்களே, ஸீ வாக், அதுக்கும் இதேதான். நீச்சல் தெரிய வேணாம், தலைமுடி நனையாதுன்னு சொல்லிக் கூப்பிடுவாங்க. குழாய்ல வர்றதும் அழுத்தின காத்துதான்.

பாப்பா, நீ அந்தத் தாள்ல என்ன போடுவேன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பக்கத்துல நிப்பார், நீ எல்லாத்துக்கும் இல்லன்னு போடுவ. உன்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு ஃப்ரிட்ஜ் மேல இருந்த உன் இழுப்பு பம்பை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டது நான். சொல்லிடலாம்னுதான் அம்மா சொன்னா. 2 வருஷமா வரல, எதுக்கு வாயைத் திறக்கணும்னு அடக்கினேன். மாப்பிள்ளையோட அக்கா நேராவே கேட்டாங்க, பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு. நீ என்னைப் பார்த்த. நான் தலையை ஆட்டினேன். அதுக்கப்புறம்தான் நீயும் இல்லன்னு சொன்ன.

தீபாவளிக்கு வந்திருந்தப்போ பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு பம்ப் அடிச்சியாம், சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு. அம்மா சொல்லி அழுதா. கல்யாணமாகி 4 வருஷம் ஆச்சு. உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல. ஹார்பர்ல ஒருத்தன் இருமினாகூட அன்னைக்கு இறக்க விட மாட்டேன், சண்டை போடுவேன். வீட்டுல வேற மாதிரி நடந்துக்கிட்டேன்.

மாப்பிள்ளைகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான்தான் மறைக்கச் சொன்னேன்னு நானே சொல்றேன், கோபம் என் மேலயே இருக்கட்டும். எதுவானாலும் பெங்களூர்ல நெஞ்சு டாக்டரைப் பாரு. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுப்பாங்க, ஓட விட்டு மறுபடியும் ஊதச் சொல்வாங்க. டைவ் அடிக்கப் போறேன்னு சொல்லியே எடு. இழுப்பு கட்டுக்குள்ள இருக்கிற சில பேரை அவங்களே போகச் சொல்றதும் உண்டு. வேணாம்னா அவர் கீழ போகட்டும், நீ மேலயே கண்ணாடியும் குழாயும் வெச்சு மிதந்து பாரு. அது வெறும் காத்து, அழுத்தின காத்து இல்ல. ஹேவ்லாக்ல நெமோ ரீஃப்னு ஒரு இடம், அங்க கரையோரமே மீன் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதே, உனக்கு நீச்சல் தெரியாது. கடலுக்கு இவ்வளவு பக்கத்துல வளர்ந்தும் கத்துக் கொடுக்கல, அதையும் என் கணக்குலயே எழுதிக்கோ.

நீல பம்ப் தேதி முடிஞ்சிருக்கும், அடியில பாரு. புதுசு ரெண்டு வாங்கு. ஒண்ணு படகுல, தண்ணி படாத பையில இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு அம்மா சந்தைக்குப் போயிடுவா. அப்போ கூப்பிடு. ஸ்பீக்கர் வேணாம்.

அப்பா